சுகுவாங்குவாங் வீட்டு டாமியானா

நம் தீவில் பாதிப்பேருக்கு ஒரே குடும்பப் பெயர்தான். ஸ்பானியப் பாதிரியார்கள் ஞானஸ்நானத் தண்ணீரோடு சேர்த்துத் தலையில் ஊற்றிவிட்டுப் போனது. ஜீகோ ஊர் முனையில் நின்றுகொண்டு பெரெஸ் வீடு எது என்று கேட்டால் நாய்கூடக் குழம்பிப்போகும். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஊரார் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு நண்டு, ஒரு வீட்டுக்குக் கோணவாய், இன்னொரு வீட்டுக்குப் பெண்கள் இருக்கும் இடத்தில் சொல்ல முடியாத ஒன்று. டாமியானா பிறந்த வீட்டுக்குச் சுகுவாங்குவாங்.

அது ஒரு குருவி. செம்பழுப்பு நிறம். உள்ளங்கையில் வைத்தாலும் கை காலியாக இருப்பது போலவே இருக்கும். வாலை மட்டும் விசிறியாக விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு, விடிந்ததிலிருந்து அடைகிறவரை சளசளவென்று பேசும். மனிதரைக் கண்டால் ஓடாது, பின்னாலேயே வரும். நாம் நடந்தால் புல்லிலிருந்து கொசு கிளம்பும், கொசு கிளம்பினால் அதற்குச் சாப்பாடு. டாமியானாவின் குடும்பமும் அதே ரகம். பின்னாலேயே வந்து பேசுவார்கள்.

அவளுடைய கொள்ளுத்தாத்தா ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாராம். முழங்காலிட்டுச் சொல்லத் தொடங்கினார். பாவங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்கதை இருந்தது. சொல்லி முடித்து, பாதிரியார் தள்ளாடிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தபோது, கொடிமரத்தில் ஸ்பெயின் கொடி போய் அமெரிக்கக் கொடி பறந்துகொண்டிருந்ததாம். நம்பாதவர்கள் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். கொடி மாறியது அதில் இருக்கிறது.

அப்படிப்பட்ட குடும்பம் ஒரேயொரு தடவைதான் வாயை மூடிக்கொண்டது. டாமியானா அப்போது சிறுமி. யுத்தத்தின் கடைசி நாட்களில் ஜப்பானியப் படையினர் ஊர்களைக் காலி செய்து, எல்லோரையும் தெற்கே பள்ளத்தாக்கு முகாமுக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். பேசினால் அடி. கிழவிகளுக்கும் அடி. மழையில் சேறு, சேற்றில் ஆயிரக்கணக்கான கால்கள், ஒரு சொல் கிடையாது. அத்தனை கால்களும் கிளப்பிய பூச்சிக்கு ஆசைப்பட்டு, ஒரு சுகுவாங்குவாங் அவர்கள் தலைக்கு மேலேயே கிளைகிளையாகத் தாவிக்கொண்டு வந்தது. வாயை மூடவேயில்லை. ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையை அதை நோக்கி ஓங்கினான்; அது அந்தக் கட்டையின் மேலேயே ஒரு கணம் உட்கார்ந்து வாலை விரித்துக் காட்டிவிட்டுப் போனது. டாமியானாவின் அப்பா உதடு அசையாமல் அவள் காதருகே சொன்னார்: "பாத்துக்க. நமக்கும் சேத்து அவன் பேசுறான்."

அதற்குப் பிறகு அவள் வளர்ந்தாள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள், ஹுஸ்தோவைக் கட்டிக்கொண்டாள். மின்கம்பம் ஏறுவது ஹுஸ்தோவின் வேலை. கோவிலில் பாதிரியார் கேட்டதற்குச் சரி என்று சொன்னவன், பிறகு வேறு வார்த்தை எதற்கு என்று அதையே வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினான். பிள்ளைகள் வளர்ந்து, அமெரிக்கப் பட்டாளத்துக்கும் அமெரிக்கக் கல்யாணத்துக்குமாகப் போய்ச் சேர்ந்தார்கள். காட்டோரத்து வீட்டில் அவளோடு பேச மிஞ்சியது அந்தக் குருவிகள்தான். காலையில் அவள் முற்றம் பெருக்குவாள். விளக்குமாற்றின் நுனியில் கிளம்பும் கொசுவைப் பிடித்துக்கொண்டு அவை கூடவே வரும். அவள் ஒன்று சொல்வாள், அவை ஒன்று சொல்லும். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

காடு தெற்கிலிருந்து மௌனமாகிக்கொண்டு வந்தது. தெற்கு ஊர்ச் சொந்தக்காரர்கள் திருவிழாவுக்கு வரும்போது, "உங்க ஊர்ல இன்னும் பறவ சத்தம் கேக்குதே" என்பார்கள், ஏதோ நம் வீட்டில் இன்னும் மண்ணெண்ணெய் விளக்கு எரிகிறதே என்கிற மாதிரி. ஏன் போயின என்பதற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. விமானத்திலிருந்து அடித்த கொசுமருந்து என்றார்கள். சூறாவளி என்றார்கள். பிறகு நடுத்தீவிலும் சத்தம் நின்றது. நீலச் சிறகு மீன்கொத்தி போயிற்று, வெள்ளைத்தொண்டைப் புறா போயிற்று. மௌனம் வடக்கே வந்து, டாமியானாவின் வேலியோரம் நின்றது. முற்றத்துக்கு வந்த குருவிகள் குறைந்து குறைந்து கடைசியில் ஒரு ஜோடிதான். அந்த ஜோடி கட்டுகிற கூடெல்லாம் முட்டை இட்ட சில நாட்களில் காலியாகிவிடும். அதே நாட்களில் கோழிமுட்டைகளும் காணாமல் போயின. அவள் பக்கத்து வீட்டு பெலிசாவைச் சந்தேகப்பட்டாள்.

பெலிசா டாமியானாவின் மகளுக்கு ஞானத்தாய். அதனால் ஒருவரையொருவர் குமாரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சண்டையிலும் அந்த மரியாதை குறையாது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆலமரம் நின்றது. விழுது விழுதாக, ஒரு வீடே உள்ளே ஒளிந்துகொள்ளலாம். ஆலமரம் என்றால் அதில் முன்னவர்கள் இருப்பார்கள் என்பது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதிரியார் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் வாழ்ந்து செத்தவர்கள். கிள்ளினால் நீலம் பாயும், கோபம் வந்தால் கால் வீங்கும். அந்தி சாயும் நேரத்தில் டாமியானா குப்பை கொட்டவோ எலுமிச்சை பறிக்கவோ அந்தப் பக்கம் போனால், மேலே கிளைகளில் மெல்ல ஒரு சலசலப்பு கேட்கும். காற்று இல்லாத அந்தியிலும் கேட்கும். உடனே அவள் நின்று, தலையைத் தாழ்த்தி, அம்மா சொல்லித்தந்த வார்த்தைகளை அப்படியே சொல்வாள்:

"பாட்டி, பாட்டா, மன்னிச்சுக்கங்க. உங்க எடத்துல கால் வைக்கிறேன், விடுங்க. நாளைக்கு எங்க எடத்துக்கு நீங்க வந்தா, நானும் ஒண்ணும் கேக்காம விடுறேன்."

சொல்லிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல், பின்னோக்கியே நடந்து வீட்டுக்குள் போய்விடுவாள். நிமிர்ந்து பார்ப்பது மரியாதையில்லை. காலையில் குருவிக்கூடு காலியாக இருந்தால், முன்னவர்கள் எடுத்துக்கொண்டார்கள் போல, ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று மறுநாள் இன்னும் பணிவாகக் கேட்பாள். பல வருடங்கள் இப்படிப் போயின.

ஒருநாள் எலிக்குப் பயந்து, கோழிக்குஞ்சுகளைக் கம்பிக்கூண்டில் போட்டு ஆலவிழுதில் கட்டித் தொங்கவிட்டாள். முன்னவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு நம்பிக்கை. விடியும்போது போய், வழக்கம் போல அனுமதி கேட்டுவிட்டுக் கூண்டைப் பார்த்தாள். குஞ்சுகள் இல்லை. பழுப்பு நிறத்தில் நீளமாக ஒன்று, சுருண்டு, கம்பிக்கு நடுவே தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. நடுவில் உடம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது.

அவள் கத்தவில்லை. "ஹுஸ்தோ, இங்க வா" என்றாள்.

ஹுஸ்தோ பல் தேய்க்கிற குச்சியோடு வந்து பார்த்தான். "கம்பியில கெடக்கும்ல, அதான்" என்றான். மின்கம்பிகளில் ஏறிக் கருகி, ஊரையே இருட்டாக்கும் பாம்புகளைக் கொக்கியால் இழுத்துப்போடுவது அவனுக்கு அன்றாட வேலை. யுத்தச் சரக்குக் கப்பலில் ஒளிந்து வந்த இனம், எலி தின்னும், போகட்டும் என்றுதான் ஊரில் எல்லோரும் விட்டிருந்தார்கள்.

"கம்பியில கெடக்குறது கூண்டுக்குள்ள எதுக்கு வந்துச்சு?"

"சாப்பிட."

"சாப்ட்டுச்சுல்ல. ஏன் போகல?"

"வரும்போது ஒல்லியா வந்துருக்கு. போறப்ப வயிறு விடல."

டாமியானா கூண்டைப் பார்த்தாள். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, அந்த ஆலமரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே ஒரு கிளைச்சந்தில் இன்னொன்று இருந்தது. அதற்கு மேலே இன்னொன்று.

"அப்ப சாயங்காலம் சாயங்காலம் சலசலன்னு..."

"ம்" என்றான் ஹுஸ்தோ.

"இத்தன வருஷமா நான் யாருகிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன்?"

அவன் பல் குச்சியைத் தூர எறிந்தான்.

"எங்க எடத்துக்கு வா, ஒண்ணும் கேக்க மாட்டேன்னு வேற சொல்லியிருக்கேன்."

செய்தி கேட்டு வேலியோரம் வந்த பெலிசா, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூண்டை நிதானமாகப் பார்த்தாள். "கூப்புடாம வரலயே குமாரே. பாவம், மரியாத தெரிஞ்ச பாம்பு. நீ கூப்ட்ட, அது வந்துச்சு. ஆனா ஒண்ணு. போன மாசம் ஜெபமாலைக்கு வந்த எடத்துல என்ன ஒரு பார்வ பாத்த பாரு, முட்டக் களவாணின்னு. அதே பார்வைய இப்ப இதப் பாரு, நான் பாக்கணும்."

வேறு நாளாயிருந்தால் டாமியானா சிரித்திருப்பாள். அன்று சிரிக்கவில்லை. எலுமிச்சை மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலமரத்தின் ஒரு கிளை அதன் மேலே சாய்ந்து நின்றது. எலுமிச்சையின் கவட்டில், சிலந்திநூல் சுற்றி, கோப்பை மாதிரி ஒரு புதுக்கூடு. அதற்குள் பெண்குருவி உட்கார்ந்திருந்தது. ஆண்குருவி விளக்குமாறு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே அரசாங்க வனவிலங்கு ஆபீசுக்கு ஹுஸ்தோவை அனுப்பினாள். வந்தவன் பெயர் ரைமுந்தோ. தெற்கு ஊர்க்காரன், முப்பது வயதிருக்கும். ஜீப்பிலிருந்து இறங்கியவன் பாம்பைப் பார்க்கவில்லை. எலுமிச்சை மரத்திலிருந்து வந்த சளசளப்பைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"எங்க ஊர்ல நான் கேட்டதேயில்ல ஆன்ட்டி. எங்கம்மா வாயால சத்தம் போட்டுக் காட்டுவாங்க. அவங்க பண்றது கோழி மாதிரி இருக்கும்."

"உங்கம்மா எந்த வீடு?"

"நண்டு."

"நண்டு எப்படிப் பேசும்? அதான்" என்றாள் டாமியானா.

வடக்குக் காட்டில் பல மாதங்களாக வேறு எங்குமே இந்தக் குருவியின் சத்தத்தைக் கேட்கவில்லை என்றான் அவன். இப்போது வலை போட்டுப் பிடித்தால் முட்டை குளிர்ந்துவிடும். குஞ்சு பொரித்துப் பறக்கிற மட்டும் காப்பாற்றிவிட்டால், மொத்தக் குடும்பத்தையும் பிடித்துப் பத்திரமான கூண்டில் வளர்க்கலாம். அவன் சொன்னதில் டாமியானாவின் காதில் விழுந்தது ஒன்றுதான்: இந்தக் கூடு போனால் அவ்வளவுதான்.

"ஏன் ஓட மாட்டேங்குதுக? பாம்பு வந்தா பறக்க வேண்டியதுதான. றெக்க எதுக்கு இருக்கு?"

"பாம்புன்னு ஒண்ணு இருக்கறதே அதுகளுக்குத் தெரியாது ஆன்ட்டி. இந்தத் தீவுல மண்ணுக்குள்ள நெளியிற புழு மாதிரி ஒண்ணத் தவிர வேற கெடையாது. பயப்படணும்னு யாரு சொல்லித் தந்தா?"

"கத்துக்கட்டுமே. நம்ம கத்துக்கலயா? ஸ்பானியக்காரன் வந்தான், முழங்கால் போடக் கத்துக்கிட்டோம். ஜப்பான்காரன் வந்தான், குனியக் கத்துக்கிட்டோம். அமெரிக்கக்காரன் வந்தான், டின் கறி திங்கக் கத்துக்கிட்டோம்."

ரைமுந்தோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கத்துக்கிட்டோம். பத்துல ஒம்பது பேரு செத்ததுக்கு அப்புறம். மிச்சம் இருந்தவன் கத்துக்கிட்டான். இதுகள்ல மிச்சம் இருக்கணுமே ஆன்ட்டி."

"எதுவுமே கத்துக்கலயா?"

"சாலிக் குருவி கொஞ்சம் கத்துக்குது. காட்ட விட்டுட்டு விமானத்தளத்துக்கு ஓடிப்போச்சு. இரும்புக் கம்பத்துல, கான்கிரீட் பொந்துல குடும்பம் நடத்துது."

"பப்பாளித் திருடன்" என்றாள் டாமியானா வெறுப்பாக. "அவன் பொழைப்பான். பேசுறவன்தான் சாவான்."

எலுமிச்சை மரத்தின் அடியில் தகரத்தைச் சுற்றி, அதன் மேல் ஜீப்பின் கிரீஸைப் பூசினார்கள். வேலியோரப் புதரை வெட்டினார்கள். மேலே சாய்ந்திருந்த ஆலங்கிளை மட்டும் மிச்சம். பாம்புக்கு அது பாலம். ஹுஸ்தோ கையில் கத்தியோடு கொஞ்ச நேரம் நின்றான், பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"நான் ஆலமரத்துல கை வைக்க மாட்டேன் மியானா. நீ சொல்லு, கரண்டுக் கம்பியில வெறுங்கைய வைக்கிறேன். இதுல மாட்டேன்."

கல்யாணத்துக்குப் பிறகு அவன் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. ரைமுந்தோவும் படித்தவன்தான், அரசாங்க ஜீப்பில் வந்தவன்தான். அவனும் மரத்தைப் பார்த்தான், ஏதோ எடுக்க மறந்துவிட்டது போல ஜீப்பைப் பார்க்கப் போய்விட்டான்.

டாமியானா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஐம்பது வயதுக்காரி. மேலே போய்க் கத்தியை ஓங்கிவிட்டு, பழக்கத்தில் வாய் தானாகத் தொடங்கியது. நிறுத்திக்கொண்டாள். "பாட்டி, பாட்டா, இப்ப நான் கேக்கல. சொல்றேன்" என்றாள். வெட்டினாள்.

மறுநாள் அவள் கால் வீங்கியது. மூலிகை வைத்தியம் பார்க்கிற கிழவி வந்து தடவிப் பார்த்து, முன்னவர்கள் கிள்ளிவிட்டார்கள் என்று சொல்லி இலைச்சாறு பூசினாள். ரைமுந்தோ வந்து எறும்புக்கடி என்று சொல்லிக் களிம்பு கொடுத்தான். டாமியானா இரண்டையும் பூசிக்கொண்டாள். யாருக்குக் கோபம் என்று தெரியாத வீட்டில் இரண்டு கதவையும் தட்டி வைப்பது நல்லது என்றாள்.

கிளை வெட்ட மறுத்தது ஹுஸ்தோவின் மனதை அறுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒருநாள் வேலை முடிந்து வந்தவன், யாரும் கேட்காமலே, வீட்டுக் கூரை இறவாணத்திலிருந்து எலுமிச்சை மரத்துக்கு ஒரு கம்பி இழுத்து, கூட்டுக்கு மேலே ஒரு பல்பு மாட்டினான். அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் கூடு பளிச்சென்று தெரியும். வெளிச்சத்துக்குப் பாம்பு வராது என்றும் அவனுக்கு ஓர் எண்ணம். கம்பி தொய்வில்லாமல், நூல் பிடித்தது போல, ஊர்க் கம்பங்களில் கட்டுவதைவிட அழகாகக் கட்டியிருந்தான். டாமியானா அதைப் பார்த்துவிட்டு அவனுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் கோழிக்கறி வைத்தாள்.

குஞ்சு பொரித்தது. கூட்டின் விளிம்புக்கு மேலே இரண்டு வாய் மட்டும் தெரிந்தது. கண் திறக்கவில்லை, மேலே பூவைப் போல ஒரு பிசிறு முடி, ஆனால் வாய் திறந்தபடியே. "சுத்தமா எங்க வீட்டு ரத்தம்" என்று பெலிசாவிடம் சொன்னாள். ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பூச்சி கொண்டுவந்தன. இல்லாத குப்பையை எல்லாம் அவள் பெருக்கினாள். பெருக்கிப் பெருக்கி முற்றத்தில் மண்ணே இல்லை, கீழே பாறை தெரிய ஆரம்பித்துவிட்டது என்று பெலிசா ஊரெல்லாம் சொன்னாள்.

பிறகு ஒரு விடியலில் அவள் ஜன்னலைத் திறந்தபோது பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே கூடு காலியாக இருந்தது. பெண்குருவியையும் காணோம்.

ஓடினாள். தகரத்தில் கிரீஸ் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. வெட்டிய கிளை வெட்டினபடி. புதர் இல்லை, பாலம் இல்லை, எதுவும் இல்லை. ஆண்குருவி அடுத்த கிளையில் உட்கார்ந்து வாயில் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டிருந்தது. கூட்டுக்கு வந்தது, உள்ளே பார்த்தது, பூச்சியோடு திரும்பிப்போனது. மறுபடி வந்தது.

ஹுஸ்தோ வந்து நின்றான். மரத்தைப் பார்க்கவில்லை. அவன் கண், வேலைப் பழக்கத்தில், கம்பி மேலேயே போனது. மரத்திலிருந்து தொடங்கி, நூல் பிடித்தது போன்ற அந்தக் கம்பி வழியாக, வீட்டுப் பக்கமாக, இறவாணத்தில் அது முடிகிற இடம் வரைக்கும். அங்கே தகரக் கூரைக்கடியில், கம்பியில் வாலைச் சுற்றிக்கொண்டு, வயிறு புடைத்துப் படுத்திருந்தது.

தினமும் கம்பியிலிருந்து பாம்பை இழுத்துப்போடுகிறவன் அவன். அந்தக் கம்பியைக் கட்டினவனும் அவன்தான்.

கொக்கியை எடுத்துவந்தான், இழுத்துப் போட்டான், அடித்தான். பிறகு ஏணி வைத்துக் கம்பியைக் கழற்றி, வட்டமாகச் சுருட்டி, கொட்டகையில் மாட்டினான். வேலைக்குப் போகவில்லை. அடுப்படியில் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். திட்டினால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டாமியானாவுக்கு வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. மதியம் வரைக்கும் ஆண்குருவி காலிக் கூட்டுக்குப் பூச்சி கொண்டுவந்துகொண்டிருந்தது.

"இதையாவது விடக்கூடாது ஆன்ட்டி" என்றான் ரைமுந்தோ சாயங்காலம். "இன்னிக்கோ நாளைக்கோ இதுவும் போயிடும். ஆபீஸ்ல ஒரு ரூம் முழுக்க வலை அடிச்சு வச்சிருக்கோம், எறும்புகூட நுழையாது. வடக்குப் பாறைப்பக்கம் முழுக்கத் தேடுறோம். ஒரு பொட்ட கெடச்சாப் போதும்."

"நீ பிடிச்சுக்க. எதுக்கு என்னக் கேக்குற?"

"எங்ககிட்ட வர மாட்டேங்குது. உங்க விளக்குமாத்துக்குத்தான் வருது."

மறுநாள் விடிந்ததும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையை முற்றத்தில் கட்டினார்கள். டாமியானா அதற்கு முன்னால் நின்று பெருக்கத் தொடங்கினாள். பெருக்கத் தூசிகூட இல்லாத முற்றம். நாக்கை அண்ணத்தில் தட்டி, சளசளவென்று கூப்பிட்டாள். முகாமுக்குப் போன வழியில் கேட்ட அதே பேச்சு, அவளுக்கு அது தாய்மொழி மாதிரி. குருவி ஆலமரத்திலிருந்து பதில் சொன்னது. வேலிக்கு வந்தது. அவள் தோளை உரசிக்கொண்டு, வாலை விரித்து, நேராக வந்தது.

வலையிலிருந்து ரைமுந்தோ அதை எடுத்தபோது அது வாயை மூடிக்கொண்டது. அவ்வளவு நேரம் பேசியது துணிப்பைக்குள் போனதும் ஒரு கீச்சும் இல்லை.

"ஏன் பேசல?" என்று கேட்டாள்.

"பயந்திருக்கு ஆன்ட்டி."

"பயப்படக் கத்துக்கிடுச்சுன்னு சொல்லு" என்றாள் டாமியானா. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆபீசில் கொடுத்த செத்த பூச்சியை அது தொடவில்லை. பறக்கிறதைத்தான் தின்னும். அங்கே வேலை பார்த்த பிள்ளைகள் வலை வீசிக் கொசு பிடித்துப் பார்த்தார்கள்; அவர்களைக் கொசு பிடித்ததுதான் மிச்சம். டாமியானா வீட்டுக்குப் பின்னால் பழைய லாரி டயர்களை வரிசையாகப் போட்டு, தண்ணீர் ஊற்றி, கொசு வளர்க்கத் தொடங்கினாள். வாயில் துணி கட்டிய டின்னில் பிடித்து, தினமும் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போவாள். பஸ்ஸில் டின் உறுமும். டிரைவர், "அத்தை, அது தெறந்துச்சுன்னா நான் குதிச்சுருவேன்" என்பான். கொசுவெல்லாம் அவளுடைய சமையலைத் தின்று புறா அளவுக்குக் கொழுத்துவிட்டது என்றும், டயர் பக்கம் போன ஒரு பன்றிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றும் பெலிசா சத்தியம் செய்தாள். பன்றிக்குட்டி காணாமல் போனது நிஜம்.

"குமாரே, ஊரே சொறியுது" என்றாள் பெலிசா.

"சொறியட்டும். கைக்கு வேல."

சுகாதாரத்துறை ஆள் வந்து டயர்களைக் கவிழ்க்கச் சொன்னான். டாமியானா அவனை உட்காரவைத்து, அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்பதிலிருந்து பேச ஆரம்பித்தாள். இருட்டியதும் அவனாகவே எழுந்து போய்விட்டான். திரும்பி வரவில்லை.

குருவி தின்றது. அவள் வந்தால் மட்டும் வலைக்கருகே வந்து வாலை விரித்தது. சில நாள் இரண்டு சொல் பேசியது. ரைமுந்தோவின் ஆட்கள் வடக்குக் காடெல்லாம் தேடினார்கள். மாலையில் திரும்பும்போது முகம், தலைமுடி, சட்டை எல்லாம் சிலந்திவலை. தின்னப் பறவை இல்லாத காட்டில் சிலந்தி பெருகி, மரத்துக்கு மரம் திரை கட்டியிருந்தது. முன்னால் ஒரு குச்சியை ஆட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. அத்தனை நூல் கிடந்தது காட்டில். கூடு கட்ட எடுக்க ஆள் இல்லை.

"பொட்ட?" என்று தினமும் கேட்பாள்.

"இன்னிக்கு இல்ல ஆன்ட்டி" என்பான் ரைமுந்தோ. இல்லவே இல்லை என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை.

ஒரு காலை அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஆபீஸ் வாசலில் ரைமுந்தோ நின்றுகொண்டிருந்தான். தொப்பி கையில் இருந்தது. அவள் நடையை நிறுத்தவில்லை. உள்ளே போய், வலையறைக்குள் தரையில் கிடந்ததைப் பார்த்தாள். வால் விரியாமல் மூடியிருந்தது. கொண்டுவந்த டின்னின் துணியை அவிழ்த்து, அங்கேயே, ஆபீசுக்குள், எல்லாக் கொசுவையும் திறந்துவிட்டாள். எல்லோரும் கடியை வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

அந்த வருடத் திருவிழாவில், செம்பு நிறச் சோறும் கறியும் பரப்பிய மேசையருகே, புதிதாக வந்த பாதிரியார் கேட்டார். "சுகுவாங்குவாங் குடும்பம்னு சொல்றாங்களே, அப்படீன்னா என்ன?" குருவி, இத்தனூண்டு, இப்படி வால் என்று ஆளாளுக்குக் கையைக் காட்டினார்கள். எப்படிக் கத்தும் என்று கேட்டார். எல்லோரும் டாமியானாவைப் பார்த்தார்கள். அவள் நாக்கை அண்ணத்தில் தட்டிக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, பழக்கத்தில், தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். மேசையில் ஒருவரும் கரண்டியை அசைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து பெலிசா, "சோறு ஆறுது குமாரே" என்றாள், மெதுவாக.

டயர்கள் அதற்குப் பிறகும் அப்படியே இருந்தன. வற்ற வற்ற டாமியானா தண்ணீர் ஊற்றினாள். ஹுஸ்தோ பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு சாயங்காலம் அவன் கொட்டகையிலிருந்து வந்து அவள் கையிலிருந்த வாளியைப் பிடித்தான்.

"யாருக்கு?" என்று கேட்டான்.

"ஒண்ணு வந்தா பசிக்கும்ல."

ஹுஸ்தோ ஆலமரத்தின் பக்கம் கையைக் காட்டினான். விழுதுகளில் பல்லிகள், முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு, கொழுத்து ஓடிக்கொண்டிருந்தன. "கொசுவப் பல்லி திங்குது. பல்லியப் பாம்பு திங்குது. நீ யாருக்குச் சமைக்கிற மியானா?"

அவன் வாளியைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

டாமியானா வாளியை ஒதுக்கி வைத்தாள். பிறகு முதல் டயரைப் பிடித்துக் கவிழ்த்தாள். அடுத்ததை. அதற்கடுத்ததை. தண்ணீர் பாறையில் வழிந்து ஆலமரத்தின் வேருக்குப் போனது. கடைசி டயர் மரத்தடியில் இருந்தது. குச்சியால் சிலந்திவலையை விலக்கிக்கொண்டு அதன் பக்கம் போனாள். குனியும்போது, மேலே, காற்றில்லாத அந்தியில், மெல்ல ஒரு சலசலப்பு கேட்டது.

கழுத்து தானாகத் தாழ்ந்தது. "பாட்டி, பாட்டா, மன்னிச்சுக்கங்க" என்றாள். "உங்க எடத்துல கால் வைக்கிறேன், விடுங்க. நாளைக்கு எங்க எடத்துக்கு நீங்க..."

அங்கே நிறுத்தினாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. டயரைக் கவிழ்த்துவிட்டு, நிமிர்ந்து மரத்தைப் பார்த்துக்கொண்டே, பின்னோக்கி நடந்து வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்தினாள்.